வர்றேன் என்று சொல்லிவிட்டு

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று முழுக்க எனக்கு ஒரே வேலைதான். வலது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பது. வெளியே கொடைக்கானல் இருக்கிறதாம். எனக்குத் தெரிவது மேகமும், மேகம் விலகினால் விடுதிக்காரர் பிலோமினாக்கா காயப்போட்ட துணிகளும்தான். அதில் என் காலுறை இரண்டும் அடக்கம். நேற்றிலிருந்து தொங்குகின்றன, இன்னும் சொட்டுகின்றன.

கணுக்கால் பூரி மாதிரி உப்பியிருக்கிறது. எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்றார் டாக்டர். ஆனால் ஒரு வாரம் மலைப்பாதையில் குலுங்கக் கூடாதாம். மலையேறி முடித்துவிட்டு இங்கே ஒரு வாரம் ஓய்வெடுப்பது என்று முன்பே அறை பிடித்திருந்தோம். ஆக, எல்லாம் திட்டப்படியே நடக்கிறது. காலைத் தவிர.

வெள்ளி விழாக் கல்யாண நாளுக்குக் கோயில் குளம் வேண்டாம், மலை ஏறலாம் என்று சொன்னது இவர்தான். பெயர் தயாளன், திண்டுக்கல்லில் பெயின்ட் கடை. இவருடைய பள்ளிக்கூட நண்பர்கள் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் கயிலாயம் போய்வந்தார், ஒருத்தர் லடாக்கில் பைக் ஓட்டினார். இவர் மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி கடை வாசலில் நின்று படம் போட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் கழுகுமுடி மலை. நானும் ஷூ வாங்கி மூன்று மாதம் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி நடந்தேன். எனக்கு உச்சி பெரிதில்லை. இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று செய்யப் போகிறோம் என்பதுதான் பெரிது.

வழிகாட்டி குழந்தைவேல் அண்ணன் பூம்பாறைக்காரர். கிளம்பும்போதே சட்டம் சொல்லிவிட்டார். "ஏறுனா எல்லாரும் ஏறணும், எறங்குனா எல்லாரும் எறங்கணும். ஒருத்தருக்கு முடியலைன்னாலும் அத்தோட மலை முடிஞ்சுச்சு. பெறகு எங்கிட்ட வருத்தப்படக் கூடாது." ஆளுக்கொரு விசிலும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கீழே கேம்ப்பிலிருந்து உச்சிக்கு ஏறுகிற வழியில், பாதியிலேயே திரும்பிவிட்ட சென்னைப் பிள்ளைகள் சிலர் எதிரே இறங்கிப் போனார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில், சோலைக்குள் காட்டுமாடு நிற்கிறதா பார்த்து வருகிறேன் என்று அண்ணன் முன்னால் போனார். அந்த நேரம் பார்த்துத்தான் நான் ஈரவேரில் கால் வைத்தேன். படக்கென்று ஒரு சத்தம். இவர் என்னைக் கைத்தாங்கலாக நடத்திப்போய், பாதையை விட்டுத் தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் காற்றுப் படாமல் உட்கார வைத்தார். "அண்ணன்கிட்ட சொல்றேன். வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த 'வர்றேன்' நான் வளர்த்த பிள்ளை. கல்யாணமான புதிதில் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, பச்சையாக 'போறேன்' என்பார். எனக்கு ஆகாது. 'போறேன்னு சொல்லாதீங்க, போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க' என்று தினமும் சண்டை. கடைசியில் அது சுருங்கி 'வர்றேன்' ஆனது. இப்போதெல்லாம் போனை வைக்கும்போதுகூட 'வர்றேன்' என்றுதான் வைக்கிறார்.

மேகம் இறங்கியது. காலையில் தின்ற உப்புமா செரித்து, மதியப் பசி வந்து, அதுவும் போய்விட்டது. விசிலை ஊதி ஊதி உதடு காய்ந்தது. நான் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிறவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவர்களிடம் 'டாக்டர் வந்துட்டே இருக்காரு' என்று வாய் கூசாமல் சொல்கிறவள். டாக்டர் அப்போது குளித்துக்கூட இருக்க மாட்டார். பாறையில் எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டேன். ஒரு காட்டுமாடு வந்து கொஞ்ச தூரத்தில் நின்று என்னையே பார்த்தது. ஊதுவதை நிறுத்திவிட்டு, அது போகும்வரை தெரிந்த சாமிப் பெயரையெல்லாம் சொன்னேன்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இருவரும் வந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்ததும் பேயறைந்தவர் மாதிரி நின்றார். இவர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "மேகத்துல வழி தவறிப் போச்சு சுகந்தி, உன்னைத் தேடாத எடமில்ல" என்று என் காதுக்குள் சொன்னார். பாவம்.

செப்டம்பர் 11, புதன்

காலையில் காப்பி கலந்து கொண்டுவந்தார். இவர்! சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாத மனுஷர். பிறகு காலுக்குத் தைலம் தேய்த்தார். மதியம் சுட்ட மக்காச்சோளம், சாயங்காலம் சாக்லேட். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலை உடைத்துக்கொண்டால்தான் இதெல்லாம் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் எப்போதோ உடைத்துக்கொண்டிருப்பேன்.

காலுறை காயவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

கல்யாண நாள். பிலோமினாக்கா கேரட் கேக் செய்திருந்தார். பக்கத்து அறையில் தங்கியிருக்கும் கரூர்க்காரக் குடும்பத்தையும் கூப்பிட்டார். கேக் வெட்டியதும் இவர் மலைக்கதையைச் சொன்னார். எனக்குச் சொன்னபோது வழி தவறியது ஒருமுறை. பிலோமினாக்காவிடம் சொன்னபோது இரண்டு முறை. இன்று காட்டுமாடு இவரைத் துரத்தியது. கரூர்க்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க குடுத்து வச்சவங்க" என்றார் என்னிடம். கதை சொன்னால் கொஞ்சம் கண், காது, மூக்கு வைப்பது எல்லோரும் செய்வதுதான். அதில் என்ன இருக்கிறது.

மூக்கு என்றதும் நினைவு வருகிறது. கேக் ஊட்டும்போது பிலோமினாக்கா இவரைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, "ஐயோ சார், மூக்கெல்லாம் தோலுரியுதே! நல்ல வெயில்ல நின்னிருக்கீங்க. மேகத்துக்கு மேல போயிட்டா வெயில் அப்படித்தான், வறுத்து எடுத்துரும்" என்றார்.

"மேல எங்க போனோம்? மேகத்துக்குள்ளதான் அலைஞ்சோம்" என்றார் இவர். உடனே கரூர்க்காரரிடம் பெயின்ட் விலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நெற்றியும் சிவந்துதான் இருக்கிறது. என் முகம் வெளுத்துப்போய் இருக்கிறது. இவருக்கு எப்போதுமே சட்டென்று பொரிந்துவிடுகிற தோல். பிலோமினாக்காவிடம் கொஞ்சம் தயிர் வாங்கி மூக்கில் தடவிவிட்டேன். குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

செப்டம்பர் 13, வெள்ளி

இவருடைய போன் ஓயவில்லை. வந்தால் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுகிறார். ஜன்னலுக்கு வெளியே அவர் சிரிப்பது மட்டும் கேட்கிறது. யார் என்றால், கடையில் சரக்கு வந்திருக்கிறது என்கிறார். சரக்கு வந்ததற்கு இப்படிச் சிரிப்பார்களா என்று தெரியவில்லை.

மலையில் எடுத்த படங்களைக் காட்டச் சொன்னேன். போனில் சார்ஜ் இல்லையாம்.

செப்டம்பர் 14, சனி

குழந்தைவேல் அண்ணன் வந்தார். இவர் தைலம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அண்ணன் கையில் ஒரு கட்டு மலைப்பூண்டு. உள்ளே வரச்சொன்னால் வரவில்லை, வராந்தாவில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்தார். நானும் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே வெளியே போய் உட்கார்ந்தேன். பிலோமினாக்கா டீ கொடுத்தார்.

"பூண்டத் தட்டி நல்லெண்ணெயில காய்ச்சித் தடவுங்க. வீக்கம் வத்திரும்" என்றார். டீயைக் குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "ஒண்ணு கேக்கலாமாம்மா? கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

"கேளுங்கண்ணே."

"அந்த மெட்ராஸ்காரப் பிள்ளைகளோட எறங்குனவங்க, எதுக்குப் பாதியில பிரிஞ்சு திரும்ப மேல வந்தீங்க? காட்டுமாடு நடமாடுற எடம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

எனக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரோ ஒரு அம்மாவைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"நான் எறங்குனேன்னு யாரு சொன்னா?"

"சார்தான. 'அவளுக்கு மூச்சு வாங்குது, அந்தப் பிள்ளைகளோட அனுப்பி விட்டுட்டேன், கேம்ப்புல இருப்பா, நாம ஏறுவோம்'னாரு. பத்திரமா ஆளோட எறங்கிட்டீங்கன்னுதான் நான் சாரை உச்சிக்கே கூட்டிப் போனேன். இல்லாட்டி மேல ஒரு எட்டு வச்சிருப்பனா? நம்ம சட்டம் ஒங்களுக்குத் தெரியும்ல."

உச்சி. எனக்கு மூக்குதான் நினைவு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க, நானே அல்லவா தயிர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணன் நிறுத்தவில்லை. மனதில் கிடந்து உறுத்தியதைக் கொட்டவே வந்திருக்கிறார். "பாதி ஏறையில விசில் சத்தம் கேட்டுச்சும்மா. எனக்குச் சுருக்குன்னுச்சு. 'சார், விசில் கேக்குது'ன்னேன். 'அந்தப் பசங்க கீழ வெளையாடுறாங்க'ன்னாரு. நானும் அப்பிடியே விட்டுட்டேன். சார் தெரியாம சொல்லிட்டாரு, அவரக் குத்தம் சொல்ல முடியாது. நான் மலைக்காரன், எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அன்னையிலருந்து சோறு எறங்கல."

அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும்.

"ஒங்க மேல என்னண்ணே தப்பு?" என்றேன். "எறங்குற வழியில என் பை விழுந்துருச்சு. அதை எடுக்க நான்தான் யார்கிட்டயும் சொல்லாமத் திரும்பி வந்தேன். கால் பெரண்டுருச்சு."

அவர் பெருமூச்சு விட்டார். "போன பை போயிட்டுப் போகுது தாயி. பைக்காக யாராச்சும் உசுரக் குடுப்பாகளா? படிச்சவங்க நீங்க" என்று என்னை நன்றாகத் திட்டினார். "இனி அப்பிடிச் செய்யாதீங்க."

"செய்ய மாட்டேண்ணே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மூன்றாம் மனுஷர் முன்னால் இவரை விட்டுக்கொடுத்து எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். அந்தப் பாறையில் நாதியற்று உட்கார்ந்திருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு அவமானமாக இல்லை.

இவர் தைலத்தோடு வந்தார். காலை நீட்டச் சொன்னார். தூக்கம் வருகிறது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தேவாலய மணி அடித்தது. பிலோமினாக்கா பூசைக்குப் போய்விட்டார். விடுதியில் நாங்கள் இரண்டு பேர்தான். சண்டை போடுவதற்கு ஆண்டவராகப் பார்த்து ஏற்பாடு செய்த நேரம்.

"உச்சியிலருந்து பாத்தா என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

தலைவாரிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. அண்ணன் வந்துபோனதைச் சொன்னேன். மறுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மறுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், நம்புவதற்கு எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். ஆனால் கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்துக் காட்டிவிட்டார். அடியில் மேகம், மேலே கண் கூசும் நீலம், நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு இவர். இருபத்தைந்து வருடத்தில் இவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதன் கீழே குழு நண்பர்கள் எழுதியதையும் பார்த்தேன். 'சிங்கம்டா நீ.' 'தங்கச்சி எங்கடா?' அதற்கு இவர் பதில்: 'அவதான் படம் எடுக்குறா.'

"உனக்கு முடியலைன்னு சொன்னா அந்தாளு அப்பவே எறங்கச் சொல்லிருப்பான்" என்றார். "இவ்வளவு தூரம் வந்துட்டு... கொஞ்சந்தான் மிச்சம். ஒரு மணி நேரத்துல போயிட்டு வந்துரலாம்னு நெனச்சேன். நேரம் ஆயிருச்சு. தப்புதான். அதுக்காக என்ன, நீ நல்லாத்தான இருக்க?"

"விசில் கேட்டுச்சா?"

"எது?"

"நான் ஊதுன விசில்."

போனை அணைத்துக் கட்டில்மேல் வைத்தார். "கேட்டுச்சு. கேட்டதுனாலதான் நான் நிம்மதியா ஏறுனேன். நீ ஊதுறேன்னா தெம்பா இருக்கேன்னுதான அர்த்தம்?"

நான் ஊதுவதை நிறுத்திய நேரமும் ஒன்று இருந்தது. காட்டுமாடு எதிரே நின்ற நேரம். அப்போது திரும்பிப் பார்த்தாரா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டு, அவர் பதில் சொல்லி, அதையும் நான் சுமக்க வேண்டுமா?

"வர்றேன்னு சொன்னீங்களே" என்றேன். என் குரல் எனக்கே பிச்சைக் குரலாகக் கேட்டது. "அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் எடத்த விட்டு அசையாம உக்காந்திருந்தேன். மெட்ராஸ் பிள்ளைங்க அப்ப ரொம்ப தூரம் போயிருக்க மாட்டாங்க. கத்திக் கூப்பிட்டிருந்தா வந்து தூக்கிட்டுப் போயிருப்பாங்க. நீங்க வர்றப்ப நான் இல்லேன்னா தவிச்சுப் போயிருவீங்கன்னு கூப்பிடல."

அதற்கு இவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். நாளைக்கு எனக்கே சந்தேகம் வரக்கூடாது.

"வர்றேன்னா? அது கெளம்பையில சொல்றதுதான சுகந்தி. போறேன்னு சொல்லக் கூடாதுன்னு நீதான சொல்லிக் குடுத்த?"

சண்டைக்காகச் சொல்லவில்லை. கிண்டலும் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார். எனக்கு அது தாலி மாதிரி ஒரு வார்த்தை. இவருக்கு அது செருப்பு மாட்டும்போது வாயிலிருந்து வருகிற ஒரு சத்தம். இத்தனை வருடம் வாசலில் நின்று அதை வாங்கி வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. இவர் போறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், தினமும்.

அழுதேன். பிலோமினாக்கா பூசை முடிந்து வரும்வரை அழுதேன்.

செப்டம்பர் 16, திங்கள்

பூண்டு எண்ணெய் வேலை செய்கிறது. கால் ஊன்ற முடிகிறது. வத்தலக்குண்டு அக்காவுக்குப் போன் போட்டேன். காரணம் கேட்காமல், "பழையபடி மேலறையைக் கூட்டி வைக்கிறேன்" என்றாள். கிளினிக்குக்கு அவள் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்விடலாம். கால் நன்றாக ஆன பிறகு.

காலுறை காய்ந்துவிட்டது.

செப்டம்பர் 17, செவ்வாய்

வத்தலக்குண்டில், அக்கா வீட்டு மேலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் இவர் டாக்சி பேசிவிட்டு வந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து, நேரே திண்டுக்கல்லுக்கு. நான் என் பையைத் தனியாகக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தார். "அக்கா வீட்டுக்கு ரெண்டு நாள் போயிட்டு வரணும்னா போயிட்டு வா. நான் என்ன வேண்டாங்கவா போறேன்?" என்றார். பெரிய மனசு.

பிலோமினாக்கா வாசல்வரை கைபிடித்து வந்தார். அவருக்கு ஏதோ தெரியும், கேட்கவில்லை. "பேரிக்காய் வச்சிருக்கேன், பஸ்ஸுல சாப்பிடுங்க. அடுத்த வருசமும் வரணும்" என்றார். "கட்டாயம் வர்றேன்க்கா. குழந்தைவேல் அண்ணன்ட்டயும் சொல்லுங்க. கால் சரியானதும் அந்த உச்சிக்கு என்னையக் கூட்டிப் போகணும்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது.

பஸ் நிலையத்துக்கு இவரும் கூடவே வந்தார். பையை மேலே ஏற்றி வைத்தார். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். மூக்கில் பழைய தோல் முழுக்க உரிந்து, புதுத்தோல் பளபளவென்று இருந்தது. தண்ணீர் பாட்டில் வாங்கித் தரவா என்றார். வேண்டாம் என்றேன். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.

"சரி, கெளம்புது. சொல்லிட்டுப் போ" என்றார் இவர்.

"போறேன்."

இவர் முகம் சுருங்கியது. "என்ன சுகந்தி இது, நல்ல நாளும் அதுவுமா. போயிட்டு வர்றேன்னு சொல்லு."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவரைப் பார்த்தேன். கோபம்கூட வரவில்லை. பஸ் கிளம்பித் திரும்பும்வரை, மீதி வார்த்தைக்காக இவர் அங்கேயே காத்துக்கொண்டு நின்றார்.